அஞ்சு-ரெண்டை வெச்சு ஆல் இன்: ஒரு போக்கர் டைரி

2025 அக்டோபர் 11, சனி

ஆகஸ்ட்ல ஆன்லைன் பணம் வெச்சு ஆடுற கேம் மொத்தத்துக்கும் மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டு வந்ததுல இருந்து என் ஃபோன்ல போக்கர் ஆப் சும்மா கெடக்கு. நான் ஆடுனதெல்லாம் டீக்காசு லெவல்தான், போனா போகட்டும், ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல கை பரபரங்குது. சரி ஆடத்தான் முடியாது பாக்கவாவது பாப்போம்னு வனெஸ்ஸா செல்ப்ஸ்ட் ஆடுன பழைய டோர்னமென்ட் வீடியோவா தேடிப்பிடிச்சு வருஷ வரிசையில ஓடவிட்டுட்டு இருக்கேன்.

தெரியாதவங்களுக்கு: 1984ல நியூயார்க் புரூக்ளின்ல பொறந்தவங்க, யேல் யுனிவர்சிட்டில படிச்சவங்க, சட்டமும் அங்கதான். உலகத் தரவரிசையில (குளோபல் போக்கர் இண்டெக்ஸ்) முதல் இடத்துக்குப் போன முதல் பெண். வருஷா வருஷம் அமெரிக்காவுல நடக்குற வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்ல ஆம்பள பொம்பள எல்லாரும் ஆடுற ஈவன்ட்ல மூணு தங்க பிரேஸ்லெட் (ஈவன்ட் ஜெயிச்சா குடுக்குறது), 2008, 2012, 2014.

இன்னிக்குப் பாத்தது 2006. 2,000 டாலர் கட்டி ஆடுற ஈவன்ட், ஃபைனல் டேபிள், டிவியில வந்தது. இந்த ஆட்டத்துல ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. வனெஸ்ஸா கையில இஸ்பேடு அஞ்சும் ரெண்டும். குப்பைக் கை. அதை வெச்சுக்கிட்டு இருந்த மொத்த சிப்பையும் உள்ள தள்றாங்க, எதிர்ல இருந்தவர் கையில ஜோடி ஏஸ், இருக்குறதுலயே பெரிய கை. ஏழாவது இடத்தோட வீடு, 1,01,285 டாலர்.

அக்டோபர் 12, ஞாயிறு

அந்த அஞ்சு-ரெண்டு கையை இன்னிக்கும் மூணு தடவை பாத்தேன். கமென்ட்ரி பண்றவங்களுக்கு சிரிப்பு. எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா அந்தப் பொண்ணு சீட்டைப் பாத்து ஆடல, எதிராளி விட்ருவானா மாட்டானான்னு பாத்து ஆடுச்சு.

நம்மூர் ரம்மில கை சரியில்லன்னா ஸ்கூட் விடுறோம்ல, போக்கர்ல அதுக்குப் பேர் ஃபோல்டு. வித்தியாசம் என்னன்னா இங்க அடுத்தவனை ஸ்கூட் விட வைக்கிறதுலதான் பாதி காசு. கணக்கு ரொம்ப சிம்பிள். நடுவுல பாட்ல (எல்லாரும் போட்ட காசு) 100 இருக்கு, நான் வெறுங்கையோட 100 போடுறேன்னு வைங்க, ரெண்டுல ஒரு தடவை அவன் விட்டாலே எனக்கு நட்டம் இல்ல. அதுக்கு மேல விட்டான்னா என் கையில அஞ்சு-ரெண்டு இருந்தா என்ன ரேஷன் கார்டு இருந்தா என்ன.

டிவில அப்படி ஒரு பைத்தியக்கார ஆட்டம் ஆடிட்டா அப்புறம் ஊரே "இவ சும்மா சும்மா தள்ளுவா, கால் பண்ணு"ன்னு நம்பிரும் (கால்னா விடாம அதே அளவு காசைப் போட்டு நிக்கிறது). நெஜமாவே பெரிய கை வந்து தள்றப்போ அவனுங்களே காசைக் கொண்டாந்து கொட்டுவானுங்க. ரெண்டு வருஷத்துல முதல் பிரேஸ்லெட், பாட் லிமிட் ஒமாஹா, 2,27,933 டாலர். ஒமாஹான்னா கையில நாலு சீட்டு, அதுல ரெண்டே ரெண்டைத்தான் எடுத்துக்கணும், எனக்கு இன்னும் தலை சுத்துற ஆட்டம்.

அக்டோபர் 15, புதன்

ஆபீஸ்ல ரிலீஸ், வீட்டுக்கு வரவே ஒம்பதரை. சாப்பாட்டுத் தட்டோட உக்காந்து மொஹீகன் சன் மட்டும் பாத்தேன். அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல இருக்குற கேசினோ, யேலும் அதே கனெக்டிகட்தான். 2010ல அங்க ஒரு டோர்னமென்ட் ஜெயிச்சு 7,50,000 டாலர், 2011ல அதே டோர்னமென்ட்டை மறுபடி ஜெயிச்சு 4,50,000. நடுவுல பிரான்ஸ்ல கான்ங்கிற ஊருக்குப் போய் ஒரு 13 லட்சம் யூரோ. இதெல்லாம் லா ஸ்கூல் காலத்துலங்க! நம்ம வீட்ல சி.ஏ. எழுதுற புள்ளைய தீபாவளிக்கு பட்டாசு வெடிக்கக்கூட விட மாட்டோம்.

அந்த ரெண்டாவது ஜெயிப்பு 2011 ஏப்ரல்ல. அதே மாசம் 15ஆம் தேதி அமெரிக்க நீதித்துறை போக்கர் ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் மூணு சைட் மேலயும் கேஸ் போட்டு, அங்க இருக்குறவங்க யாரும் அந்த சைட்ல ஆட முடியாமப் போச்சு. பிளாக் ஃப்ரைடேன்னு பேர். அதை நம்பிப் பொழச்சவங்க நெறைய பேர் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் வீடு மாத்திட்டுப் போனாங்க. என் ஆப் போனதுக்கே நான் இவ்வளவு பொலம்புறேன்.

அக்டோபர் 18, சனி

வேர்ல்ட் சீரிஸ்ல லேடீஸ் ஈவன்ட்னு ஒண்ணு தனியா இருக்கு. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், பெண்களுக்கு 90 சதவீதம் தள்ளுபடி, ஆக 1,000. எதுக்கு இந்தச் சுத்துன்னா, ஆம்பளைங்க வரக்கூடாதுன்னு சட்டப்படி தடுக்க முடியாது, முன்னாடி சில பேர் வேணும்னே வந்து ஆடி கடுப்பேத்துனாங்க, சரி பத்து மடங்கு குடுத்துட்டு வந்து ஆடுங்கடான்னு வெச்சுட்டாங்க. 2013ல இருந்து இப்படி. எனக்கு இந்த ஐடியா ரொம்பப் புடிச்சிருக்கு.

வேர்ல்ட் சீரிஸோட பெரிய போட்டிக்குப் பேர் மெயின் ஈவன்ட், அதோட ஃபைனல் டேபிள்ல 1995ல பார்பரா என்ரைட் அஞ்சாவது வந்தாங்க. அதுக்கப்புறம் அந்த டேபிள்ல ஒரு பொண்ணு உக்கார 30 வருஷம் ஆச்சு, இந்த ஜூலைலதான் ஸ்பெயின்காரங்க லியோ மார்கெட்ஸ், ஏழாவது. பெண்களுக்கு மூளை பத்தலன்னு வியாக்கியானம் பண்ணத் தேவையில்ல, ஆயிரக்கணக்குல வர்ற கூட்டத்துல நூத்துக்கு அஞ்சு பொண்ணு கூட இருக்குறதில்ல, அவ்வளவுதான் விஷயம்.

அக்டோபர் 20, தீபாவளி

மத்தியானம் சாப்ட்டு எல்லாரும் ஜமுக்காளம் விரிச்சு ரம்மி. வனெஸ்ஸா கதைய எடுத்து விட்டேன். அத்தை சீட்டுல இருந்து கண்ணை எடுக்காமலே "பொம்பளப் புள்ள சீட்டாடிப் பொழைக்கிறதாடி, நல்லா இருக்கே"ன்னாங்க, சொல்லிட்டு அடுத்த சுத்துலயே டிக்ளேர் பண்ணி என்கிட்ட ஃபுல் கவுன்ட் வாங்கிட்டாங்க.

மாமாவுக்கு எவ்வளவு சம்பாதிச்சான்னு தெரியணும். டோர்னமென்ட்ல மட்டும் 118 லட்சம் டாலர் பக்கம் மாமான்னேன், வாயப் பொளந்துட்டாரு. ஆனா அது கையில நின்ன காசு இல்ல. அந்தக் கணக்குல ஜெயிச்சதை மட்டும்தான் கூட்டுவாங்க, கட்டுன நுழைவுக் கட்டணத்தைக் கழிக்க மாட்டாங்க. 25,000 டாலர் கட்டி ஆடுற ஈவன்ட்ல நாலஞ்சு தடவை வரிசையா வெளிய போனா ஒரு லட்சம் காலி, அது எந்த லிஸ்ட்லயும் வராது. அதனால பெரிய ஆட்டக்காரங்க பல பேர் தன் பங்கை மத்தவங்களுக்கு வித்துட்டுத்தான் உக்காருவாங்க, ஜெயிச்சா அந்த அளவுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். "அப்ப கடை வைக்கிற மாதிரிதான்"னாரு மாமா. ஆமா மாமா, வாடகை குடுக்காத கடைன்னு எதுவும் இல்ல.

அக்டோபர் 22, புதன்

2017 மெயின் ஈவன்ட். 10,000 டாலர் கட்டி வருஷம் பூரா காத்துக்கிட்டு இருக்குற ஈவன்ட், முதல் லெவல், உக்காந்த சூடு கூட ஆறல.

வனெஸ்ஸா கையில ஜோடி ஏஸ். ஃப்ளாப் (நடுவுல மொதல்ல விரிக்கிற மூணு சீட்டு) ஏஸ், ஏழு, அஞ்சு. மூணு ஏஸ் ஆச்சு. அடுத்த சீட்டு ஏழு, ஃபுல் ஹவுஸ் (மூணு ஏஸ், ரெண்டு ஏழு). கடைசி சீட்டு நாலு. இவங்க பெருசா பெட் போடுறாங்க, எதிர்ல பிரான்ஸ்காரங்க கேயல் பௌமன் ஆல் இன்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, இந்தக் கையைத் தோக்கடிக்க ஒரே ஒரு கைதான் உண்டு. கட்டுல இருக்குறது நாலு ஏழு, ரெண்டு டேபிள்ல கெடக்கு, மீதி ரெண்டும் அவங்க கையிலயே இருக்கணும். வனெஸ்ஸா நேரம் எடுத்து யோசிக்கிறாங்க, இருக்கலாமோன்ற சந்தேகம் மொகத்துலயே தெரியுது. ஆனாலும் விட முடியல, கால். ரெண்டு ஏழு. எந்திரிச்சுப் போய்ட்டாங்க.

வீடியோ கீழ கமென்ட்ல "லூசு மாதிரி ஆடி போய்ட்டா"ன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். அதே மாதிரி ஒரு ஆம்பள கால் பண்ணியிருந்தா "பாவம், அன்லக்கி". அந்த இடத்துல மூணு ஏஸ் ஃபுல் ஹவுஸை மடிக்கிறவன் ஒருத்தனைக் காட்டுங்க, நான் காசு தரேன்.

அக்டோபர் 25, சனி

அந்த 2017 கடைசியிலயே வனெஸ்ஸா ஸ்பான்சரையும் விட்டுட்டு, ப்ரொஃபஷனல் ஆட்டத்தையும் விட்டுட்டு ஒரு ஹெட்ஜ் ஃபண்ட்ல (பெரிய காசை முதலீடு பண்ற கம்பெனி) வேலைக்குச் சேந்துட்டாங்க. ஏழு கையைப் பாத்து வெறுத்துப் போய் ஓடிட்டாங்கன்னு சில பேர் கதை விடுறாங்க, எனக்கு அப்படித் தோணல. பிளாக் ஃப்ரைடேக்கு அப்புறம் சும்மா பொழுதுபோக்கா வர்றவங்க கூட்டம் கொறஞ்சு போச்சு, மிச்சம் இருக்குறதெல்லாம் சாஃப்ட்வேர்ல மணிக்கணக்கா உக்காந்து, எந்த எடத்துல எவ்வளவு தடவை பிளஃப் (வெறுங்கையோட தள்றது) பண்ணணும்னு சதவீதமா மனப்பாடம் பண்ணிட்டு வர்ற பசங்க. 2006ல தள்ளுனா விட்டுட்டு ஓடுனவன் இருந்தான், இப்ப தள்ளுனா எத்தனை தடவை கால் பண்ணணும்னு கணக்கு தெரிஞ்சவன்தான் எதிர்ல. லாபம் கொறையுற டேபிள்ல இருந்து எந்திரிக்கத் தெரியுறதும் தொழில்தானே. அஞ்சு-ரெண்டுல துணிஞ்ச அதே ஆள்தான் இதையும் பண்ணாங்க.

அடுத்து நார்வேக்காரப் பொண்ணு அனெட் ஓப்ரஸ்டாட். 2007, லண்டன், பத்தொம்பதாவது பொறந்தநாளுக்கு மொத நாள் ஜெயிச்சு 10 லட்சம் பவுண்டு. வீடியோ கிடைச்சிருச்சு, நாளைக்கு மத்தியானம் பிரியாணிக்கு அப்புறம் ஆரம்பிக்கணும்.