ஒரு சிறிய நிறுவனத்தின் பட்டர்ஃபிளை

நான் தொடர்ந்து பார்த்துவரும் வட்டார ஓபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) நிறுவனம் ஆண்டுக்கு மூன்று படைப்புகளை மட்டுமே மேடையேற்றுகிறது. இயன்றவரை ஒவ்வொன்றையும் முதல் நாளிலும் கடைசி நாளிலுமாக இருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "இருக்கிற பணத்தில் இவ்வளவு செய்கிறார்களே, அவர்களைப் போய்க் குறை சொல்லலாமா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். பணமில்லாமையால் நேர்ந்த குறையையும் யோசிக்காமையால் நேர்ந்த குறையையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் "பாவம், சின்ன இடம்" என்று மன்னித்துவிடுவது, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த கலைஞர்களை அவமதிப்பதாகவே எனக்குப் படுகிறது.

இந்தப் பருவத்தில் அவர்கள் எடுத்துக்கொண்டது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'மதாமா பட்டர்ஃபிளை'; விட்டுப்போன அமெரிக்கக் கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு ஜப்பானியப் பெண்ணின் கதை. 1904 பிப்ரவரி 17 அன்று, மிலன் நகரத்தின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கில், கூச்சலுக்கும் கேலிக்கும் நடுவே படுதோல்வியடைந்த படைப்பு இது. புச்சினி அதைத் திரும்பப் பெற்று, நீண்டுகிடந்த இரண்டாம் அங்கத்தைப் பிரித்து, டெனர் என்னும் உயர்ந்த ஆண்குரல் பாடகருக்குப் புதிதாக ஒரு பாடலையும் சேர்த்து, அதே ஆண்டு மே 28 அன்று பிரெஷ்ஷா என்னும் சிறிய நகரத்தின் அரங்கில் மீண்டும் மேடையேற்றினார். அங்கேதான் அது வென்றது. இந்த ஓபராவுக்கு வாழ்வு கொடுத்ததே ஒரு வட்டார அரங்குதான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

முதலில் இசைக்குழு. புச்சினி நான்கு ஹார்ன்களும் மூன்று ட்ரம்பெட்களும் கேட்டிருக்கிறார். இங்கே இருந்தவை இரண்டு ஹார்ன்களும் ஒரு ட்ரம்பெட்டும். வயலின்கள் குறைவாக இருந்ததால் முதல் அங்கத்தின் காதல் காட்சியில் இசை பெருகி எழ வேண்டிய இடம் மெலிந்தே ஒலித்தது. இதை நான் குறையாக எழுதவில்லை. இரண்டாம் அங்கத்தின் இறுதியில், பட்டர்ஃபிளை விடியும்வரை கணவனுக்காகக் காத்திருக்கும்போது மேடைக்கு வெளியிலிருந்து கேட்கும் வாய்மூடிய முனகல் பாடலுக்குத் துணையாகப் புச்சினி வியோலா தமோரே என்னும் அரிய கருவியைக் கேட்கிறார்; அதற்குப் பதிலாக ஒரு சாதாரண வியோலாவைத்தான் வாசித்தார்கள். அந்தக் கலைஞர் வில்லை எவ்வளவு மென்மையாக இழுத்தார் என்றால், இல்லாத கருவியை நான் தேடவே இல்லை.

ஆனால் அதே இடத்தில் இயக்குநர் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அசையாமல் நிற்கும் ஒரு பெண்ணும், சொற்களே இல்லாத ஒரு மெட்டும் போதும் என்று இசையமைப்பாளரே நம்பி விட்டுவைத்த அந்தச் சில நிமிடங்களில், பின்திரை முழுவதும் கடலலைகளும் கப்பலும் பறவைகளுமாக ஒரு படத்தை ஓடவிட்டார். செலவு செய்து வாங்கிய குறை அது. ஒளியை மெல்லக் குறைத்து, அந்தப் பெண்ணை நம்பி விட்டிருந்தாலே போதும்.

பட்டர்ஃபிளையாகப் பாடியவர் தொழிலின் தொடக்கத்தில் இருக்கும் இளம் சொப்ரானோ, அதாவது உயர்ந்த பெண்குரல் பாடகி. கணவன் திரும்பி வரும் நாளைக் கற்பனை செய்து பட்டர்ஃபிளை பாடும் 'ஊன் பெல் தீ' பாடல் தொடக்கத்திலேயே உயர்ந்த ஸ்வரத்தில் நிற்கிறது; ஆனால் அதைத் தொலைவிலிருந்து வருவதுபோல மெல்லப் பாட வேண்டும் என்பது புச்சினியின் குறிப்பு. ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமே என்ற பதற்றத்தில், முதல் நாளன்று அவர் அந்த வரியை முழுக்குரலில் தொடங்கிவிட்டார். பாடலின் முடிவில் வரும் பி ஃபிளாட் என்னும் உச்ச ஸ்வரத்துக்கு ஏறிச் செல்ல அதன்பின் படிகளே மிஞ்சவில்லை. கடைசி நாளன்று அதே வரியை நூலிழைபோல எடுத்தார். குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் அரங்கம் மூச்சடக்கிக் கேட்டது. ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் அவருக்குப் பெரிய அநீதி இழைத்திருப்பேன்.

இனி, என்னை மிகவும் வருத்திய இடம். 1983-இல் டொராண்டோவில் தொடங்கிய, மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளைக் காட்டும் வழக்கம் ஓபராவை எத்தனையோ பேருக்குத் திறந்துவிட்டிருக்கிறது. நானும் அதனால் உள்ளே வந்தவன்தான். இரண்டாம் அங்கத்தில் தூதர் ஷார்ப்லெஸ், கணவன் திரும்பி வராமலே போனால் என்ன செய்வாய் என்று பட்டர்ஃபிளையிடம் கேட்கிறார். இசைக்குழு ஓர் அடி அடித்து நிற்கிறது, பிறகு மௌனம். தன்னால் இரண்டு காரியங்கள் செய்ய முடியும் என்கிறாள்: மீண்டும் பாடிப் பிறரை மகிழ்விப்பது, அல்லது, அதைவிட மேலாக, சாவது. முதல் நாளன்று அந்தப் பதில் முழுவதையும் ஒரே வரியாக, அவள் வாய் திறக்கும் முன்பே திரையில் போட்டுவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் "ஐயோ" என்றார்; மேடையில் அவள் இன்னும் முதல் சொல்லையே பாடியிருக்கவில்லை.

வரியை இரண்டாக உடைத்து, பின்பாதியை அவள் பாடும் நொடியில் காட்டுவதற்குத் தனியாகச் செலவு எதுவும் இல்லை. இதை விமர்சனத்தில் ஒரு முழுப் பத்தியாக எழுதினேன். கடைசி நாளன்று அந்த இடம் வந்தபோது இசையடியும் மௌனமும் முடியும்வரை திரை கறுப்பாகவே இருந்தது. பாடிப் பிழைப்பது பற்றிய வரி வந்தது, மறைந்தது. இரண்டாவது வரி அவள் குரலோடு சேர்ந்தே வந்தது.