மான்ட்ரியலில் துருப்பை ஏவ மறுத்தவர், பீக்கிங்கில் தீ வைக்கச் சொன்னவர்

19-ஆம் நூற்றாண்டில் அரசியலுக்கு வர நினைத்த ஒருவருக்கு ஸ்காட்லாந்துப் பிரபுப் பட்டம் பெரும்பாலும் தடையாகத்தான் இருந்தது. 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தபோது, ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தங்களுக்குள் 16 பேரை மட்டும் தேர்ந்தெடுத்து லண்டன் பிரபுக்கள் சபைக்கு அனுப்பலாம் என்று முடிவானது. மற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. தேர்தலில் வென்று போகும் காமன்ஸ் சபைக்குப் போட்டியிடலாமா என்றால், பிரபு என்பதால் அதுவும் கூடாது.

கனடாவின் கவர்னர் ஜெனரலாகவும் இந்திய வைஸ்ராயாகவும் இருந்த எட்டாம் எல்ஜின் பிரபு ஜேம்ஸ் புரூஸின் வாழ்க்கையைப் படிக்கிறவர்கள் இந்த விதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1811-இல் பிறந்தவர். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு கிரைஸ்ட் சர்ச் கல்லூரி என்று படித்தார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டன், இந்தியாவை ஆண்ட கானிங், டல்ஹௌசி எல்லாம் அங்கே அவர் காலத்தவர்கள். மூத்த தாரத்து அண்ணன் 1840-இல் இறந்ததால் வாரிசானார். 1841-இல் சவுத்தாம்ப்டன் தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்குப் போனார். அதே ஆண்டு நவம்பரில் தந்தை இறந்தார், பட்டம் இவருக்கு வந்தது, காமன்ஸ் கதவு மூடியது. பட்டத்தோடு கடனும் வந்தது. பண்டைக் கிரேக்கக் கோயிலான பார்த்தினனின் சிற்பங்களை ஏதென்ஸிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவர் அந்தத் தந்தைதான். அவற்றுக்கு 1816-இல் அரசு கொடுத்த 35,000 பவுண்டு, அவர் காட்டிய செலவுக் கணக்கில் பாதிகூட இல்லை. ஃபைஃப் பகுதியிலிருந்த புரூம்ஹால் எஸ்டேட்டை வைத்து அந்தக் கடனை அடைத்துவிட முடியாது. உள்நாட்டு அரசியலில் வழியில்லை, சம்பளமும் தேவை. அப்படிப்பட்டவருக்கு மிச்சமிருந்தது கடல்கடந்த கவர்னர் வேலை.

1842-இல் ஜமைக்கா. அங்கே முதல் மனைவி மறுவருடமே இறந்தார். 1846-இல் டர்ஹாம் பிரபுவின் மகள் மேரி லூயிசாவை மணந்தார். கனடாவில் சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிசபை, அதாவது பொறுப்பாட்சி, வேண்டும் என்று 1839-இல் அறிக்கை கொடுத்தவர் அந்த டர்ஹாம். 1847-இல் மருமகன் கனடாவின் கவர்னர் ஜெனரலாகப் போய், மாமனார் எழுதியதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

அந்த நடைமுறை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அவர் செய்தவற்றிலேயே உயர்ந்தது அதுதான் என்பது என் எண்ணம். அதுவரை கவர்னர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களை வைத்து நிர்வாகம் நடத்தினார்கள். 1848 தேர்தலில் சீர்திருத்தக் கட்சியினர் ஜெயித்ததும், எல்ஜின் அவர்களின் தலைவர்களான லாஃபோன்டேனையும் பால்ட்வினையும் அழைத்து மந்திரிசபை அமைக்கச் சொன்னார். மறு ஆண்டு சபையைத் தொடங்கிவைத்த உரையை ஆங்கிலத்தில் மட்டுமின்றிப் பிரெஞ்சிலும் வாசித்தார்.

சோதனை உடனே வந்தது. 1837, 1838 கலகங்களின்போது, பிரெஞ்சுக்காரர்கள் அதிகமிருந்த கீழ்க் கனடாவில் (இன்றைய கியூபெக்) சொத்து இழந்தவர்களுக்கு 90,000 பவுண்டு வரை இழப்பீடு தரும் மசோதா அது. கலகத்துக்காகத் தண்டனை பெற்றவர்களுக்கும் பெர்முடாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கும் கிடையாது என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆனால் தண்டனை பெறாமல் தப்பிய கலகக்காரர்களுக்கும் பணம் போய்விடும் என்று டோரிகள் எனப்பட்ட ஆங்கிலேயப் பழமைவாதிகள் கொதித்தார்கள். கவர்னர் முன் மூன்று வழி இருந்தது: ஒப்புதலை மறுக்கலாம், சபையைக் கலைக்கலாம், லண்டன் முடிவு செய்யட்டும் என்று மசோதாவை அங்கே அனுப்பிவிடலாம். மூன்றாவது வழி அவருக்கு மிகப் பாதுகாப்பானது. ஆனால் கனடாவின் பணத்தைக் கனடாவின் சபை செலவு செய்வதற்கு லண்டனைக் கேட்டால், பொறுப்பாட்சி என்பது பேச்சோடு நின்றுவிடும். சபையிலோ மசோதாவுக்குத் தெளிவான பெரும்பான்மை இருந்தது. 1849 ஏப்ரல் 25-ஆம் தேதி கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது வண்டிமேல் அழுகிய முட்டைகள் விழுந்தன. அன்று இரவே கூட்டம் மான்ட்ரியல் பாராளுமன்றக் கட்டடத்தைக் கொளுத்தியது. நூலகத்தின் 20,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் சாம்பலாயின. 30-ஆம் தேதி சபையின் ஆதரவுத் தீர்மானத்தைப் பெற்றுக்கொள்ள நகருக்குள் வந்தவரைக் கல்லால் அடித்து விரட்டினார்கள், தம்பி ராபர்ட்டுக்குத் தலையில் காயம். ராணுவத்தை இறக்குங்கள் என்று பலரும் சொன்னார்கள். அவர் மறுத்தார். துப்பாக்கி வெடித்து ஆங்கிலேயரோ பிரெஞ்சுக்காரரோ செத்தால், அடுத்த தலைமுறைக்கும் அந்தப் பிணத்தைக் காட்டியே அரசியல் நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மாதக்கணக்கில் நகருக்குள் போகாமல் மாங்க்லாண்ட்ஸ் மாளிகையிலேயே இருந்தார். கோழை என்றார்கள். பொறுத்துக்கொண்டார். லண்டனும் மசோதாவை ரத்து செய்யவில்லை.

ஆத்திரத்துக்கு இன மோதல் மட்டும் காரணமல்ல. அயல்நாட்டுத் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களை 1846-இல் பிரிட்டன் நீக்கியதால் கனடா கோதுமைக்கு இருந்த சலுகை போய், மான்ட்ரியல் வணிகர்கள் நொடித்துப்போயிருந்தார்கள். 1849 அக்டோபரில் அமெரிக்காவோடு சேர்ந்துவிடலாம் என்றே அறிக்கை விட்டார்கள். எல்ஜின் மருந்தைச் சந்தையில் தேடினார். 1854-இல் வாஷிங்டன் போய்த் தென்மாநில செனட்டர்களை விருந்து விருந்தாகச் சந்தித்தார். கனடா அமெரிக்காவில் சேர்ந்தால் அடிமைமுறை இல்லாத மாநிலங்கள் பெருகும், கனடா செழிப்பாக இருந்தால் சேர நினைக்காது. அடிமைமுறையைக் காக்க நினைத்தவர்களிடம் எடுபடக்கூடிய வாதம் அது. அதை வைத்தே காரியத்தை முடித்தார். ஜூனில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி தானியம், மரம், மீன், நிலக்கரி போன்றவற்றுக்கு இருபுறமும் வரி இல்லை. அமெரிக்கர்களுக்கு அட்லாண்டிக் கரையில் மீன்பிடி உரிமையும் செயின்ட் லாரன்ஸ் நதியில் கப்பல் விடும் உரிமையும் கிடைத்தன. 1866 வரை அது நீடித்தது.

இதே மனிதர்தான் சீனாவுக்குப் போனார் என்பது படிக்கும்போது நெஞ்சை உறுத்துகிறது. ஏரோ என்ற படகு விவகாரத்தை வைத்துப் பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் மூண்ட போருக்காக 1857-இல் தூதராக அனுப்பப்பட்டார். சிங்கப்பூர் வந்தபோது இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்த செய்தி வந்தது. சீனாவுக்குப் போகவேண்டிய துருப்புகளைக் கல்கத்தாவுக்குத் திருப்பிவிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் கான்டன் நகரைப் பீரங்கியால் தாக்குவதற்கு முன், செய்யப்போவதை நினைத்து வெட்கப்படுவதாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். எழுதிவிட்டுத் தாக்கவும் செய்தார். 1858 ஜூனில் சீனாவோடு டியன்ட்சின் உடன்படிக்கை, ஆகஸ்டில் ஜப்பானோடு எடோ உடன்படிக்கை.

சீனா தன் உடன்படிக்கையை உறுதிசெய்யத் தயங்க, 1859-இல் பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) போகும் வழியைக் காத்த டாகு கோட்டைகளில் பிரிட்டிஷ் கடற்படை அடிவாங்க, 1860-இல் எல்ஜின் மறுபடி அனுப்பப்பட்டார். வழியில் இலங்கையின் காலித் துறைமுகத்தில் அவர் கப்பல் உடைந்தது. ஆகஸ்டில் டாகு விழுந்தது. செப்டம்பர் 18-ஆம் தேதி, சமாதானக் கொடியோடு பேசப்போன பிரிட்டிஷ் அதிகாரிகள் பார்க்ஸ், லாக் முதலியோரும், காவலுக்குப் போன இந்தியக் குதிரைப்படையினரும், சில பிரெஞ்சுக்காரர்களும் சீனர்களிடம் பிடிபட்டார்கள். ஏறத்தாழ பாதிப்பேர் உயிரோடு திரும்பவில்லை. நனைத்த கயிறு இறுகிக் கைகள் அழுகிச் செத்தவர்கள் அதில் உண்டு.

அடுத்து அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். அபராதத்தை ஏற்றினால் அது குடிமக்கள் தலையில் விழும். குற்றவாளிகளை ஒப்படைக்கச் சொன்னால் யாரோ அப்பாவிகளைத் தள்ளிவிடுவார்கள். குளிர் வருகிறது, ஆறு உறைந்தால் படைக்கு உணவு வராது, ஆகவே பொறுத்திருக்கவும் முடியாது. சீனப் பேரரசரை மட்டும் சுடுகிற தண்டனை அவருடைய கோடை அரண்மனையான யுவான்மிங்யுவான் என்று முடிவுசெய்தார். அதைக் கொள்ளையடித்தவர்களில் கூட்டாளியான பிரெஞ்சுப் படையும் உண்டு, ஆனால் கொளுத்துவதில் சேர மறுத்துவிட்டது. அக்டோபர் 18, 19 தேதிகளில் பிரிட்டிஷ் படை தீ வைத்தது. பெரும்பாலும் மரக்கட்டடங்கள் என்பதால் வேகமாக எரிந்தன. பேரரசர் அதற்கு முன்பே வடக்கே ஜெஹோலுக்குப் போய்விட்டார். 24-ஆம் தேதி பேரரசரின் தம்பி இளவரசர் குங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஹாங்காங்குக்கு எதிரே இருக்கும் கௌலூன் பிரிட்டனுக்குப் போனது.

கணக்கு அடிப்படையிலேயே தவறு. அரண்மனை ஒரு பேரரசருடையதாக இருக்கலாம். நூற்றைம்பது ஆண்டுக் கலையும் நூல்களும் ஒரு நாட்டினுடையவை. மான்ட்ரியலில் ஒரு பிணம் தலைமுறைகளைப் பிரிக்கும் என்று கண்டுகொண்டவர், பீக்கிங்கில் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. கனடியர்களை நாளை ஆட்சி செய்யப்போகிறவர்களாகப் பார்த்தார், சீனர்களை அடக்கப்பட வேண்டியவர்களாகப் பார்த்தார் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

1862 மார்ச்சில் கானிங்குக்குப் பின் இந்திய வைஸ்ராய் ஆனார். ஒன்றேமுக்கால் ஆண்டுகூட முடியவில்லை. இமயமலைச் சுற்றுப்பயணத்தில் சந்திரா நதியின் கயிற்றுப் பாலத்தைக் கடந்த சிரமத்தில் இதயம் பழுதாகி, 1863 நவம்பர் 20-இல் தர்மசாலாவில் இறந்தார். அவர் ஆணையிட்ட அம்பேலா படையெடுப்பு அப்போது வடமேற்கு எல்லையில் முடியாமல் இருந்தது.

தேடிப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மூன்று எல்ஜின்கள் அடிக்கடி குழப்பப்படுகிறார்கள். சிற்பங்கள் ஏழாமவர், தாமஸ். கனடாவும் சீனாவும் எட்டாமவர், ஜேம்ஸ். 1894 முதல் 1899 வரை வைஸ்ராயாக இருந்தவர் ஒன்பதாமவர், விக்டர்; 1849 மே மாதம், கல்லடி பட்ட மூன்றாவது வாரத்தில், மாங்க்லாண்ட்ஸில் ஜேம்ஸுக்குப் பிறந்த மகன்.