15 நிமிடப் பட்டியல்

போதை மாத்திரையை விட்டுவிட்டேன் என்று தெரிந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது "எப்படிங்க விட்டீங்க?" என்றுதான். அதற்குப் பதில் சுலபம்: மருத்துவர், மருந்து, மனைவி. விட்ட பிறகு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த ஆறு மணிதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை. பைக் விபத்தில் தோள்பட்டை எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். அது அபின் வகையில் சேர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோள் சரியாகி மறுபடி வேலைக்குப் போன பிறகும் மாத்திரை மட்டும் நிற்கவில்லை. சீட்டு கேட்காத கடை ஒன்று கிடைத்தது, அப்புறம் அந்தக் கடை திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் வைத்துத்தான் என் நாள் ஓடியது. அடகு, முன்பணம், பொய், சண்டை எல்லாம் உண்டு. இந்தப் பகுதி எல்லார் கதையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், விரித்து எழுத ஆசையில்லை.

வீட்டில் முதலில் கொண்டுபோய்ச் சேர்த்த 'மீட்பு மையம்' ஒரு பூட்டிய வீடு, அவ்வளவுதான். மருத்துவர் யாரும் வந்து நான் பார்த்ததில்லை. இதை வீட்டில் யாரையாவது சேர்க்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். என்னைக் கடைசியில் சரிசெய்தது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அதுவும் காசு வாங்காமல்.

மாத்திரையை நிறுத்தினால் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மூக்கு ஒழுகும், கொட்டாவி நிற்காது, மயிர்க்கூச்செறியும், கால் இரண்டும் ராத்திரி முழுக்கத் தானாக உதைக்கும். ஆனால் அதற்கு மருந்து இருக்கிறது, அது முடிந்தும் விடும். முடிந்த பிறகு வருகிற சப்பென்ற காலத்தைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை. பிரியாணி சாப்பிட்டால் சாப்பிட்ட மாதிரி இருக்காது, பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டால் கட்டிக்கொள்கிறான் என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தோன்றாது. இத்தனை வருடம் மாத்திரை அள்ளிக் கொடுத்த இன்பத்துக்குப் பழகிய மூளை, சின்னச் சின்ன விஷயங்களைக் கண்டுகொள்ள மறந்துபோயிருக்கும், அது திரும்ப மாதக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். நால்ட்ரெக்சோன் என்ற மருந்து கொடுத்தார். அது இருக்கும்வரை அபின் வகை மாத்திரையைப் போட்டாலும் போதை ஏறாது. ஆனால் வெறுமையை அது என்ன செய்யும்?

ஆலோசகர் ஒரு நாள் வியட்நாம் கதையைச் சொன்னார். வியட்நாமில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அங்கே ஹெராயின் சல்லிசாகக் கிடைத்தது, ஏகப்பட்ட பேர் பழகிவிட்டார்கள். 1971-ல் ஊருக்கு விமானம் ஏறுமுன் சிறுநீர்ச் சோதனை என்று அரசு உத்தரவு போடும் அளவுக்குப் போனது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர், திரும்பி வந்தவர்களைத் தேடிப்போய் விசாரித்துப் பார்த்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊர் வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். இடம் மாறியது, கூட்டாளிகள் மாறினார்கள், பழக்கத்தைக் கிளப்பிவிடுகிற காட்சி எதுவும் கண்ணில் படவில்லை, அதுவும் ஒரு பெரிய காரணம் என்றார் ஆலோசகர்.

எனக்கு அதைக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது. அவர்கள் வியட்நாமை விட்டு வந்தார்கள் சார், நான் எங்கே போவது? அதே தெரு, அதே பட்டறை, பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் அதே கடை. "அப்போ வழியையாவது மாத்துங்க" என்றார்.

வழியை மாற்றினேன். அந்தக் கடை கண்ணில் படாமல் வீட்டுக்குப் போக ஒரே வழி சிங்காநல்லூர் குளக்கரை. சுற்றுவழி, நாற்றம் வேறு. சாக்கடைத் தண்ணீரும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து நாறுகிற குளம் அது, யாரும் அழகு பார்க்கப் போகிற இடமில்லை. பட்டறை விட்டதும் அந்தப் பக்கமாக நடப்பேன், நேரத்தோடு வீட்டுக்குப் போனால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று கரையிலேயே நிற்பேன். பறவைகள் மேல் அப்போது எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்காய், அவ்வளவுதான் என் ஞானம்.

ஒரு பெரியவர் அங்கே தினமும் வருவார். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் பைனாகுலர். என்னிடம் அவர் முதலில் பேசியதே, "ஏனுங் தம்பி, மறைக்கறீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றுதான். தள்ளி நின்றேன். எதை மறைத்தேன் என்று கேட்டேன். பைனாகுலரைக் கையில் கொடுத்தார். சேற்றில் ஒரு சின்னக் குருவி மாதிரி, முதுகில் வெள்ளைப் பொட்டுகள், வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு கிடந்தது. பொரி உள்ளான் என்றார். ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை எங்கேயோ குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இந்தச் சாக்கடைக்கு வருகிறதாம். இங்கே வந்து இறங்க அதற்கு என்ன தலையெழுத்து என்று கேட்டேன். "சேத்துல புழு இருக்குதுங்களே" என்றார். நான் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது என்பது வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது.

அவர்தான் ஈபேர்ட் செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்துவது, உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் அதில் பட்டியல் போடுகிறார்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு ஆரம்பித்தாய், எவ்வளவு நேரம் பார்த்தாய், எவ்வளவு தூரம் நடந்தாய், கண்ணில் பட்டது காதில் விழுந்தது அத்தனையும், எண்ணிக்கையோடு. அபூர்வமானதை மட்டும் எழுதிவிட்டுக் காக்காயையும் மைனாவையும் விட்டுவிட்டால் அது முழுப் பட்டியல் ஆகாது. குறைந்தது 15 நிமிடமாவது பார்க்கச் சொன்னார், பறவைக் கணக்கெடுப்புகளில் அதுதான் அளவு.

இந்த 15 நிமிடம்தான் என்னைக் காப்பாற்றியது.

மாத்திரை வேண்டும் என்ற வெறி வரும்போது, இது இனி ராத்திரி முழுக்க நிற்கும், நாளைக்கும் நிற்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது ஏறி உச்சிக்குப் போய் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் அதை அலை என்றார், மல்லுக்கட்டாமல் அதன் மேலேயே மிதந்து போகக் கற்றுக்கொடுத்தார். ஆலோசகர் எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்; கண்ணை மூடி மூச்சைக் கவனி என்றார். கண்ணை மூடினால் எனக்குக் கடையின் ஷட்டர்தான் தெரிந்தது. அதனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பட்டியல் போட ஆரம்பித்தேன். குளத்துக்குப் போக முடியாவிட்டால் பட்டறை மொட்டைமாடி. காக்காய் 11, மைனா 4, மாடப்புறா 9, கம்பியில் ஒரு கரிச்சான், மேலே வட்டமடிக்கிற கள்ளப்பருந்து 2. எண்ணி முடித்துச் சமர்ப்பிக்கும்போது வெறி போயே போய்விடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பாதி இறங்கியிருக்கும், மீதி பாதியோடு டீ குடிக்கப் போகலாம். சில நாள் ஒன்று போதாது, அடுத்தடுத்து மூன்று நான்கு பட்டியல் போட்டிருக்கிறேன். என் பழைய பட்டியல்களைப் பார்க்கிற யாராவது, இவன் ஏன் ஒரே மொட்டைமாடியிலிருந்து ஒரே ராத்திரியில் மூன்று தடவை ஒரே கூகையை எழுதியிருக்கிறான் என்று குழம்பியிருக்கலாம்.

இன்னொரு விஷயம். போதைக்காரன் பொய்யில் தேர்ந்தவன். எங்கே போனாய் என்றால் வாய் தானாக ஒரு பதிலைச் சொல்லும், நானே அந்தப் பதிலைக் கேட்டு ஆச்சரியப்படுவேன். மாத்திரை போன பிறகும் அந்த வாய் அப்படியேதான் இருந்தது. பட்டியலில் பொய் சொல்ல நிறைய வசதி உண்டு, ஆனால் அதில் லாபம் ஒன்றும் இல்லை. நாமக்கோழி 30 இருந்ததை 50 என்று எழுதினால் யார் எனக்கு என்ன கொடுக்கப் போகிறார்கள்? காசு பெறாத விஷயத்தில் உண்மை சொல்லிப் பழகினேன். அது மெல்ல மற்ற விஷயங்களுக்கும் வந்தது.

ஒரு சாயங்காலம் நீர்க்காகங்கள் அடைய வந்தபோது எண்ணிப் பார்த்து ஒரு பெரிய எண்ணைப் போட்டேன். சில நாளில் மெயில் வந்தது: இந்த இடத்துக்கு இது அதிகமாகத் தெரிகிறது, எப்படி எண்ணினீர்கள் என்று தெரிவிக்க முடியுமா? வழக்கத்தை மீறிய பதிவுகளைச் சரிபார்க்க உள்ளூரிலேயே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சட்டென்று ரத்தம் கொதித்தது. வீட்டில் சில்லறையை எண்ணிப் பார்க்கிறார்கள், பட்டறையில் பையைப் பார்க்கிறார்கள், இங்கேயுமா? பெரியவரிடம் போனைக் காட்டினேன். "எனக்கும் நேத்து வந்துதுங்க" என்று தன் மெயிலை எடுத்துக் காட்டினார். நாற்பது வருடமாகப் பறவை பார்ப்பவர். அவரையும் கேட்கிறார்கள். அதாவது சந்தேகம் என் மேல் இல்லை, எண்ணின் மேல். பத்துப் பத்தாகக் கூட்டம் பிரித்து எண்ணியதை எழுதி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். சந்தேகப்படுவது வேறு, கேவலப்படுத்துவது வேறு என்று எனக்குப் புரிய இந்த நீர்க்காகங்கள் வேண்டியிருந்தது.

பைனாகுலர் என் மனைவி வாங்கிக் கொடுத்தது. ஏடிஎம் கார்டு இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது, நானும் திருப்பிக் கேட்கவில்லை. முதல் தடவை பட்டியலைக் காட்டியபோது, "காக்காயைக் கூடவா எழுதுவாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். போனை வாங்கி நேரத்தையும் இடத்தையும் பார்த்தாள் என்பதை நான் கவனித்தேன், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.

இந்தப் பொழுதுபோக்கும் போதை ஆகலாம், அதையும் சொல்ல வேண்டும். அபூர்வப் பறவை எங்கேயோ வந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் தகவல் வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு வண்டியெடுத்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், லட்ச ரூபாய்க்கு லென்ஸ் வாங்கிவிட்டு வீட்டில் விலையைப் பாதியாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படபடப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த படபடப்பு. அதனால் எனக்கு ஒரே குளம், ஒரே பைனாகுலர், கேமரா கிடையாது. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட்டுப் பறவை பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். மருந்தும் ஆலோசகரும் இல்லாமல் நான் அந்தக் கரை வரைக்கும் நடந்தே போயிருக்க மாட்டேன். இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது: சில வாரம் நிறுத்தினாலே உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். விட்டுவிட்டு மறுபடி தொடுகிறவர்கள் பழைய அளவையே போட்டு மூச்சு நின்று சாகிறார்கள். சறுக்கினால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணம் இல்லை.

ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது, விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடப்பது. எனக்கு அது ரொம்ப வசதி, ஏனென்றால் பொங்கல் லீவில்தான் பழைய கூட்டாளிகள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள், போன் மேல் போன் வரும். நானும் பெரியவரும் காலை ஆறரைக்கே குளக்கரையில் இருப்போம், சாயங்காலமும் இருப்போம். வர நினைப்பவர்கள் வரலாம், பளிச்சென்ற சட்டை வேண்டாம், மூக்கைப் பொத்த ஒரு கைக்குட்டை கொண்டு வாருங்கள். யார், எதற்காக வந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கமாட்டோம். மறைக்காமல் தள்ளி நிற்கச் சொல்வார் பெரியவர், அவ்வளவுதான்.