லூர்து நகரில்: ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்த அன்னையின் கெபி

பிரான்சில் இருக்கும் லூர்துக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் நேராகக் கெபிக்குத்தான், மாதா காட்சி கொடுத்த அந்தப் பாறைக் குகைக்குத்தான் ஓடுவார்கள். பாரிசில் இருக்கும் அக்கா எங்களை அப்படி விடவில்லை. "முதல்ல கஷோவைப் பார்க்கணும், அப்புறம்தான் மாதா" என்று ஊருக்குள் கூட்டிப்போனாள்.

கஷோ என்பது பழைய சிறை அறை. கைதிகளை வைக்கக்கூட ஆகாது என்று கைவிடப்பட்ட இடம். மாவு மில் தொழில் நொடித்து, வாடகைக்கும் வழியில்லாமல் நின்ற பிரான்சுவா சுபிரு, மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் 1857இல் இங்கேதான் குடியேறினார். ஆறு பேருக்கு ஒரே அறை. மூத்தவள் பெர்னதெத்துக்கு ஆஸ்துமா வேறு. பதினான்கு வயதாகியும் எழுதப் படிக்கத் தெரியாது, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கவில்லை. அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றபோது, இந்தப் பிள்ளை இங்கே எப்படித்தான் மூச்சு விட்டாளோ என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1858 பிப்ரவரி 11 அன்று அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கத்தான் அவள் காவ் ஆற்றங்கரைக்குப் போனாள். மசபியேல் பாறை அப்போது பன்றிகள் ஒதுங்கும் இடம். அங்கேதான் மாதா காட்சி கொடுத்தார். ஜூலை 16 வரை மொத்தம் 18 காட்சிகள்.

கெபி நான் நினைத்ததைவிடச் சின்னது. நம் ஊர்க் கோயில்களில் கட்டியிருக்கும் லூர்து கெபிகளில் சிலவே இதைவிட ஜோடனையாக இருக்கும். வரிசையில் மெல்ல நகர்ந்து போகும்போது எல்லாரும் பாறையைத் தடவிக்கொண்டே போகிறார்கள். கைபட்டுக் கைபட்டுப் பாறை கறுத்து, வழவழப்பாகி, எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னுகிறது. மேலிருந்து நீர் கசிந்து விரல்களில் இறங்குகிறது. உள்ளே, தரையில் கண்ணாடிக்கு அடியில் ஊற்று தெரிகிறது. பிப்ரவரி 25 அன்று எல்லார் முன்னாலும் பெர்னதெத் மண்ணைக் கையால் தோண்டி, சேற்று நீரை முகத்தில் பூசிக்கொண்டு குடித்த இடம் இதுதான். பைத்தியம் என்றார்கள். இன்றைக்கு அந்த நீரைப் பிடிக்க உலகமே குழாயடியில் நிற்கிறது.

வலப்பக்கம் பாறைப் பொந்தில் 1864இல் வைத்த பளிங்குச் சுரூபம். பாதங்களுக்குக் கீழே அந்த வட்டார மொழியில் எழுதியிருக்கிறது: "கே சோய் எரா இம்மாகுலாதா கூன்செப்சியூ." நாமே அமல உற்பவம், அதாவது பாவ மாசில்லாமல் கருவானவர். சுரூபத்தைப் பார்த்த பெர்னதெத், தான் கண்ட அம்மா இப்படி இல்லை என்று வருந்தினாளாம். ஆனால் அந்த வார்த்தைகள் அவள் வாயிலிருந்து வந்தவை.

அது மார்ச் 25, கபிரியேல் தூதர் மாதாவுக்குச் செய்தி சொன்னதை நினைக்கும் மங்கள வார்த்தைத் திருநாள். பங்குத்தந்தை பெய்ரமால் கண்டிப்பானவர். அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு வா என்று சொல்லியிருந்தார். பெர்னதெத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்னை விரித்திருந்த கைகளை மார்பின் முன் குவித்து, வானத்தை நோக்கியபடி பெயரைச் சொன்னார். மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு குருவானவர் வீட்டுக்கு ஓடினாள் அந்தப் பிள்ளை. அர்த்தம் அவளுக்குத் தெரியாது. பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 1854 டிசம்பர் 8 அன்று இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் பெய்ரமால் ஆடிப்போய்விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அமல உற்பவம் என்றால் இயேசு கன்னியிடம் பிறந்தது என்று கோயிலுக்குப் போகிறவர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். இது மாதாவைப் பற்றியது. தம் பெற்றோர் சுவக்கீனுக்கும் அன்னம்மாளுக்கும் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் அவர் உற்பவித்தார். ஆனால் அந்த முதல் கணத்திலேயே, தம் மகனின் மீட்பை முன்னிட்டு, கடவுள் அவரை ஜென்மப் பாவம், அதாவது ஆதாம் ஏவாளிடமிருந்து எல்லாரும் பிறப்பிலேயே சுமந்துவரும் பாவம், தீண்டாமல் காத்தார். அமல உற்பவத் திருநாளான டிசம்பர் 8இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற நமக்கு அந்தத் தேதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாரும் பாவம் செய்தவர்கள், மாதாவுக்கு மட்டும் மீட்பர் வேண்டாமா என்று பிரிவினை சபை (புராட்டஸ்டன்ட்) உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. வேண்டும். "என் மீட்பராம் கடவுளை நினைத்து எனது மனம் பேருவகை கொள்கின்றது" என்று மாதாவே பாடியிருக்கிறாரே. ஞானஸ்நானத்தில் நம்மைக் கழுவும் அதே சிலுவையின் பலன்தான் அவரை முன்கூட்டியே காத்தது. அவர் எதுவும் செய்து சம்பாதித்ததல்ல. உருவான அந்த நொடியில் யாரால் என்ன செய்ய முடியும்? முழுக்க முழுக்கக் கடவுளின் இரக்கம். கபிரியேல் தூதர் "அருள்மிகப் பெற்றவரே வாழ்க" என்று சொல்வதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்த அருள் வந்துவிட்டது.

எனக்கு இது புத்தகத்தில் படித்தபோது பிடிபட்டதைவிட, இரவு ஒன்பது மணிப் பவனியில்தான் நெஞ்சில் இறங்கியது. முதலில் போகிறவர்கள் நோயாளிகள். சக்கர நாற்காலியில், நீல மூடி போட்ட இழுவண்டியில், படுக்கையில். தொண்டர்கள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பின்னாலேதான் நாமெல்லாம். ஒன்றும் செய்ய முடியாதவர்களுக்கு இந்த அன்னையின் வீட்டில் முதல் இடம். பல மொழிகளில் ஜெபமாலை நடக்க, நாங்கள் மெழுகுவர்த்தியை உயர்த்திக்கொண்டு எங்களுக்குத் தெரிந்த பிரார்த்தனையைத் தமிழில் சொன்னோம்: "ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்த இராக்கினியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." பின்னால் யாழ்ப்பாணத் தமிழில் ஒரு குரல் சேர்ந்துகொண்டது.

கெபியருகே சிலர் பெர்னதெத்தின் கல்லறை எங்கே என்று தேடினார்கள். அது லூர்தில் இல்லை. நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1879இல் 35 வயதில் அங்கேயே இறந்தார். உடலும் அங்கேதான் இருக்கிறது. 1933இல் புனிதர் பட்டம் கிடைத்தது, அதுவும் டிசம்பர் 8 அன்று. போகிறவர்கள் நெவேருக்கும் ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.