டைட்டானியம் எங்கே அமர்ந்திருக்கிறது

வினையூக்கி ஆய்வகத்தில் நான் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, டிஎஸ்-1 என்னும் டைட்டானியம் சிலிகேட் வினையூக்கியைத் தயாரிப்பது. இத்தாலியின் ஸ்நாம்புரொஜெட்டி நிறுவனத்தைச் சேர்ந்த தரமாஸோ, பெரேகோ, நொதாரி ஆகிய மூவரின் பெயரில் 1983இல் வெளியான காப்புரிமையிலிருந்து வந்த பொருள் அது. பத்து ஆக்சிஜன் அணுக்கள் வளைத்து நிற்கும், ஏறத்தாழ 5.5 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள துளைகள் அதன் படிகமெங்கும் ஓடுகின்றன. சிலிக்கான் அமர வேண்டிய நூறு இடங்களில் இரண்டு அல்லது மூன்றில் மட்டும் டைட்டானியம் அமர்கிறது. அதற்கு மேல் திணித்தால், மிஞ்சியது படிகத்தின் சட்டகத்துக்குள் நுழையாமல் தனி ஆக்சைடாக வெளியே தங்கிவிடும். இந்த வேலையின் கடினம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உயரழுத்தக் கலனையும் 170 டிகிரி உலையையும்தான் முக்கியமென்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், கலன் மூடப்படுவதற்கு முன்பே முடிவு பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. சிலிக்காவுக்கு டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட், டைட்டானியத்துக்கு அதன் ஆல்காக்சைடு, துளைகளின் வடிவை நிர்ணயிக்கும் வார்ப்புருவாக டெட்ராபுரோப்பைல் அமோனியம் ஹைட்ராக்சைடு ஆகியவற்றைக் கலக்கிறோம். தண்ணீரைக் கண்டதும் டைட்டானியம் சேர்மம் சிலிக்கான் சேர்மத்தைவிட மிக வேகமாகச் சிதைவதால், அவசரப்பட்டு ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்துவிடும். அப்படித் திரிந்தது பிறகு எத்தனை நாள் உலையில் கிடந்தாலும் சட்டகத்துக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. சிலிக்கேட்டை முதலில் ஓரளவு நீராற்பகுத்துக்கொண்டு, அதன்பின் உலர்ந்த ஐசோபுரோப்பனாலில் கரைத்த டைட்டானியம் பியூட்டாக்சைடைச் சேர்க்கும் முறையைப் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தங்கராஜும் சிவசங்கரும் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். நாங்களும் அதையே பின்பற்றினோம். துளித்துளியாக விட்டு, கண்ணாடி போல் தெளிந்த கரைசல் கிடைத்த பிறகு, 80 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி ஆல்கஹாலை ஓட்டிவிட வேண்டும். விரைவுபடுத்த முடியாத இந்த மணிநேரங்களைச் சலிப்பான வேலையென்று உதவியாளர்களிடம் தள்ளிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அது ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

அடுத்தது தூய்மை. சோடியமும் பொட்டாசியமும் சிறிதளவு இருந்தாலே டைட்டானியம் சட்டகத்துக்குள் நுழைவது தடைபடும். வார்ப்புருக் கரைசலை வாங்கும்போது அதன் விலையைவிட, பொட்டாசியம் எவ்வளவு என்று தயாரிப்பாளர் தரும் சான்றிதழைத்தான் முதலில் பார்ப்போம். சூடான காரம் கண்ணாடியை அரித்துச் சோடியத்தை இழுத்து வந்துவிடும் என்பதால் பிளாஸ்டிக், டெஃப்லான் பாத்திரங்களே புழக்கத்தில் இருந்தன. டெஃப்லானுக்கும் ஒரு குணம் உண்டு: முந்தைய படிகத்தின் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அதன் சுவரில் தங்கி, உறைமோர் ஒட்டியிருந்த பாத்திரத்தில் பால் ஊற்றியது போல, அடுத்த கலவையைத் தம் போக்குக்கு இழுத்துவிடும். அலுமினியம் கலந்த இசட்எஸ்எம்-5 என்னும் வேறொரு துளைப்படிகத்தைத் தயாரித்த குடுவையை டிஎஸ்-1 பக்கம் கொண்டுவர எங்கள் பிரிவில் யாருக்கும் அனுமதியில்லை. ஒவ்வொரு குடுவையிலும் அதற்குரிய படிகத்தின் பெயரைப் பொறித்து வைத்திருந்தோம்.

உலையிலிருந்து எடுத்துக் கழுவி உலர்த்திய தூளை 550 டிகிரியில் காற்றோட்டத்தில் சுட்டு வார்ப்புருவை எரிப்பது எளிய வேலைதான். சிதையும் அமீனின் மீன் வாடையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் வருகிறது சோதனை. எக்ஸ் கதிர்ப் படத்தில் கோடுகள் கூர்மையாக இருந்தால் மகிழ்ந்துபோகிறவர்களைப் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். படிகம் நன்றாக உருவாகியிருக்கிறது என்பதைத்தான் அந்தப் படம் காட்டும். வெளியே மிகச் சிறிய அளவில் ஒதுங்கிய அனடேஸ் என்னும் டைட்டானியம் ஆக்சைடு அதன் கண்ணில் படுவதேயில்லை. புறஊதா நிறமாலையில் 210 நானோமீட்டர் அருகே மட்டும் உறிஞ்சல் இருந்தால் டைட்டானியம் தனித்தனியாகச் சட்டகத்தில் அமர்ந்திருக்கிறது. 330 அருகே தோள் போல ஒரு மேடு எழுந்தால் அனடேஸ் கலந்திருக்கிறது. அந்த அனடேஸ், வினைக்கு ஆக்சிஜன் தர வேண்டிய ஹைட்ரஜன் பெராக்சைடை வீணே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துத் தள்ளும். ஃபீனாலைக் கேட்டகாலாகவும் ஹைட்ரோகுவினோனாகவும் மாற்றும் வினையை 1986இல் ரவென்னாவில் ஆலை அளவில் தொடங்கினார்கள். அதே வினையைச் சிறிய அளவில் நடத்தி, செலவான பெராக்சைடில் எவ்வளவு விளைபொருளுக்குள் போனது என்று கணக்கிடுவதையே நாங்கள் இறுதித் தீர்ப்பாகக் கொண்டோம். தண்ணீர் கலந்த பெராக்சைடோடு டிஎஸ்-1 வேலைசெய்வதற்குத் துளைகளின் உட்புறம் நீரை விரும்பாததும் ஒரு காரணம். வெறும் சிலிக்கா மேல் டைட்டானியம் ஏற்றிய பழைய வினையூக்கிகள் தண்ணீரில் செயலிழந்துவிடும்.

எங்களுக்கும் பக்கத்தில் இருந்த பொறியியல் பிரிவினருக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. மூலக்கூறுகள் குறுகிய துளைகளுக்குள் விரைவாகப் போய்வர வேண்டுமென்றால் படிகம் மைக்ரோமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு அளவே இருப்பது நல்லது. அவ்வளவு நுண்ணியதை வடிகட்ட முடியாது, துணியை அடைத்துக்கொள்கிறது என்பார்கள் அவர்கள். பிணைப்பான் சேர்த்துப் பெரிய மணிகளாக்கினால் வடிகட்டலாம், ஆனால் வேகம் குறையும் என்போம் நாங்கள். இந்தப் பேரம் ஒவ்வொரு புதிய தொகுதியிலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.