வெந்நீர்ப் பக்கத்து வால்வு

ஜனவரி 4

கீழ் வீட்டு அம்மா காலையில் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர்களுடைய குளியலறைக் கூரையில், எங்கள் ஷவர் சுவருக்கு நேர் கீழே, பழுப்பு நிறத்தில் ஒரு கறை படர்ந்திருக்கிறது. "பொங்கலுக்குள்ள பெயிண்ட் அடிக்கலாம்னு இருக்கோம் கண்ணு" என்று மட்டும் எழுதியிருந்தார். கோபமாக இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ஜனவரி 5

நேற்று இரவு பத்து மணிக்கு ஷவருக்கு அடியில் வாளியை வைத்து, இன்று காலை ஆறு மணிக்கு அளந்து பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சேர்ந்திருந்தது. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். இருபது சொட்டுகள் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் நான்கு லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. கணக்கும் வாளியும் ஒத்துப்போனதில் ஒரு கணம் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு கறையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஷவரிலிருந்து சொட்டும் நீர் தரையில் விழுந்து சாக்கடைக் குழாய்க்குள் போய்விடுகிறது. கூரையை நனைக்கும் நீர் தரை டைல்களின் இடுக்கு வழியாக இறங்க வேண்டும், அல்லது வாளி வைக்க முடியாத இடத்தில், சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருக்க வேண்டும். தரை என்றால் குளியலறை முழுவதையும் பெயர்த்தெடுக்க நேரிடும். அதற்கு இப்போது நாளில்லை.

ஜனவரி 6

ஷவருக்கென்று சுவருக்குள் புதைத்த கன்சீல்ட் வால்வுகள் இரண்டு இருக்கின்றன. இடப்பக்கம் வெந்நீருக்கு, வலப்பக்கம் பச்சைத் தண்ணீருக்கு. இரண்டையும் இறுக மூடிய பிறகும் சொட்டுகிறது என்றால் எந்த வால்வு விடுகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. ஆகவே ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டுக் காத்திருந்தேன். ஹீட்டருக்குள் அழுத்தம் செல்லாவிட்டால் அதிலிருந்து புறப்படும் வெந்நீர்க் குழாயிலும் அழுத்தம் இருக்காது. அதன் பிறகும் சொட்டினால் குற்றம் வலப்பக்கத்தது. சற்று நேரத்தில் சொட்டு நின்றுவிட்டது. வெந்நீர்ப் பக்கம்தான்.

மாலையில் தங்கை பேசினாள். 20-ஆம் தேதி அம்மாவுக்குத் தையல் பிரிக்கிறார்களாம்.

ஜனவரி 7

ஹீட்டர் காக் மூடியிருப்பதால் சொட்ட வழியில்லை என்று தெரிந்திருந்தும், இரவில் சத்தம் கேட்டதுபோல் தோன்றி எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஜனவரி 8

பிளம்பர் வந்தார். கைப்பிடியின் மூடியை நெம்பி, உள்ளிருந்த திருகைக் கழற்றி, சுவரோடு ஒட்டியிருந்த நிக்கல் வளையத்தை எடுத்த பிறகு, வால்வைத் திறந்து மூடும் தண்டான ஸ்பிண்டில் தெரிந்தது. ஆனால் அது அசையவில்லை. உப்பு பிடித்து வால்வின் உடம்போடு ஒன்றாகியிருந்தது. வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, அது நுரைத்து அடங்கும்வரை காத்திருந்து, பிறகு பாக்ஸ் ஸ்பானரைப் போட்டு முறுக்கியதும் ஒரு முனகலோடு விட்டுக்கொடுத்தது.

கோயம்புத்தூரில் இது எல்லா வீட்டுக் கதைதான். சமையலறைக்குச் சிறுவாணித் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். குடிநீருக்கு ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீரைச் சோதித்த தாளில் அது 700-ஐத் தாண்டியிருக்கிறது. நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது சிதைந்து கரையாத கார்பனேட்டாகப் படிகிறது. அதனால்தான் ஒரே நாளில் பொருத்திய இரண்டு வால்வுகளில் வெந்நீர்ப் பக்கத்தது முதலில் போகிறது. இடப்பக்க ஸ்பிண்டிலின் ரப்பர் வாஷர் சுண்ணாம்புக் கல்போல் இறுகி, ஓரம் உதிர்ந்து கிடந்தது.

புதிய ஸ்பிண்டில் போட்டும் சொட்டு நிற்கவில்லை. பிளம்பர் டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். வாஷர் வந்து உட்காரும் பித்தளை விளிம்பில், மெல்லிய வாய்க்கால் ஒன்றை நீரே அறுத்து வைத்திருந்தது. வாஷர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அந்த வாய்க்காலை அடைக்காது. "பாடியே போயிருச்சுங்கக்கா. செவுத்த ஒடச்சுத்தான் எடுக்கோணும்" என்றார். எப்போது என்று கேட்டேன். பொங்கல் கழிந்து என்றார்.

ஜனவரி 9

வால்வைச் சுவருக்குள் புதைப்பது யார் கண்டுபிடித்த அழகு என்று தெரியவில்லை. தேயும் பொருள், கழற்றி மாற்ற வேண்டிய பொருள் என்று தெரிந்தே அதைச் சிமென்ட்டுக்குள் வைத்து, மேலே டைல் ஒட்டி, ஒரு பளபளப்பான வளையத்தால் மூடிவிடுகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்குச் சுத்தமாக இருக்கிறது. அந்த வீட்டில் பதினைந்து ஆண்டுகள் குடியிருப்பவரைப் பற்றி வரைபடம் போட்டவருக்குக் கவலை இல்லை.

ஜனவரி 10

கீழே போய்க் கறையை நேரில் பார்த்தேன். அதன் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போடட்டுமா என்று கேட்டபோது, கீழ் வீட்டு அம்மா சிரித்துவிட்டு, ஏணியை அவரே எடுத்துவந்து பிடித்துக்கொண்டார். ஹீட்டர் காக்கை மூடியே வைத்திருக்கிறேன். குளிக்க அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்கிறோம். குளிப்பதும் தரையில் தண்ணீர் ஊற்றுவதும் முன்போலவே நடக்கின்றன. வெந்நீர்க் குழாயில் அழுத்தம் இல்லாதபோதும் கறை பென்சில் கோட்டைத் தாண்டினால் குற்றம் தரையுடையது. தாண்டாவிட்டால் குழாயுடையது. அழுத்தக் குழாயின் கசிவு இரவும் பகலும் நடக்கும். தரையின் கசிவு தண்ணீர் ஊற்றினால்தான் நடக்கும்.

பெயிண்ட் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

ஜனவரி 13

போகி. ஹார்டுவேர் கடைகள் பாதி திறந்திருக்கின்றன. பிளம்பர் ஊருக்குப் போய்விட்டார்.

ஜனவரி 14

பொங்கல் வைத்தோம். அம்மா கைப்பேசியில், "ஷவர் சரியாயிடுச்சா?" என்று கேட்டார். யார் அவருக்குச் சொன்னது?

ஜனவரி 16

கறை கோட்டைத் தாண்டவில்லை. ஓரங்களில் வெளிறத் தொடங்கியிருக்கிறது. தரை தப்பித்தது.

ஜனவரி 17

காலை முழுவதும் கடையில் கழிந்தது. புதைக்கும் வால்வே வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தேன். சுவருக்கு வெளியே நிற்கும் வால் மிக்சர் போதும்: இரண்டு இணைப்புகள், நடுவில் கலந்து ஷவருக்கும் கை ஷவருக்கும் பிரியும் உடம்பு, அவ்வளவும் கண்ணுக்குத் தெரியும், ஸ்பானருக்கு எட்டும். கடைக்காரர் சுவருக்குள் வைக்கும் டைவர்ட்டரைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். இப்போது யாரும் வெளியே வைப்பதில்லை என்றார். வைக்காதவர்கள் வீட்டில் கூரை நனையட்டும் என்று சொல்ல வாய் வந்தது.

அதிக நேரம் போனது கைப்பிடிக்குத்தான். பளபளப்பான உருண்டைக் குமிழ்கள் பார்க்க நன்றாக இருக்கின்றன. ஆனால் சோப்பு நுரை பட்ட கையால், அதிலும் விரல் மூட்டுகள் வீங்கிய கையால், உருண்டையைப் பிடித்துத் திருக முடியாது. நீண்ட லீவர் கைப்பிடி என்றால் விரலே வேண்டாம், கையின் பக்கவாட்டால் தள்ளினாலே போதும். செராமிக் தகடு உள்ள கால் சுற்று ஸ்பிண்டிலாக இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். பழைய திருகு வால்வைப்போல் மூன்று நான்கு சுற்று சுற்றி, கடைசியில் பலம் கொடுத்து இறுக்கும் வேலை அதில் இல்லை. மணல் புகுந்தால் தகடு கீறிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்தார். உண்மைதான், ஆனால் கீறிய ஸ்பிண்டிலைச் சுவரை உடைக்காமல் மாற்றலாமே. கண்ணை மூடிக்கொண்டு கடையிலிருந்த ஒவ்வொரு கைப்பிடியையும் மணிக்கட்டால் தள்ளிப் பார்த்தேன். கடைப் பையன் என்ன நினைத்தானோ.

கை ஷவருக்கு நீளமான ஹோஸ் வாங்கினேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி எட்ட வேண்டும்.

ஜனவரி 18

உடைத்தார்கள். பழைய வால்வைச் சுற்றியிருந்த பூச்சு உலர்ந்திருக்க, அதற்குக் கீழே குழாய் திரும்பும் இடத்தில் மட்டும் செங்கல் கறுத்து ஈரமாக இருந்தது. அங்கே இருந்த எல்போவில் பித்தளை மரையே இல்லை, முழுவதும் பிளாஸ்டிக். பித்தளை வால்வின் மரை கூம்பானது. அதைப் பிளாஸ்டிக் மரைக்குள் வைத்து முறுக்க முறுக்க அது எல்போவின் வாயை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே போகும். அதன் மேல் நாள்தோறும் வெந்நீரில் விரிந்து, குளிர்ந்து சுருங்கினால் எத்தனை ஆண்டு தாங்கும்? முடி அகலத்தில் ஒரு விரிசல். ஆக, சொட்டு வேறு, கசிவு வேறு. ஒரே பக்கத்தில் இரண்டு நோய்கள். ஷவரை மட்டும் நிறுத்தியிருந்தால் கறை தொடர்ந்திருக்கும்.

பித்தளை மரை பதித்த, வெந்நீர் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் எல்போக்கள் இரண்டைப் போடச் சொன்னேன். மிக்சருக்கு இரண்டு வாய்களின் மையத்துக்கும் மையத்துக்கும் இடையே ஆறு அங்குலம் இருக்க வேண்டும். பழைய வால்வுகள் அதைவிட அகலமாக இருந்ததால் குழாயை வெட்டிக் கிட்டக் கொண்டுவந்தார். எல்போவின் வாய் டைல் ஒட்டிய பிறகு அதன் மேற்பரப்புக்குச் சமமாக நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால் நடுவில் ஒரு நீட்டிப்புத் துண்டு வைக்க வேண்டியிருக்கும்; அது இன்னொரு இணைப்பு, இன்னொரு கசிவு. டைல் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்து அளந்து அளந்து பார்த்ததில் பிளம்பருக்கு எரிச்சல் வந்துவிட்டது. பரவாயில்லை.

ஜனவரி 19

ஒட்டிய பசை காய வேண்டுமென்று இரவெல்லாம் தண்ணீர் விடவில்லை. காலையில் இரண்டு வாய்களிலும் டம்மி போட்டு அடைத்து, ஹீட்டர் காக்கைத் திறந்தோம். மேல்நிலைத் தொட்டி இரண்டு மாடி உயரத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்று வைத்தால் முக்கால் பார்கூட வராது. அவ்வளவு குறைந்த அழுத்தத்துக்கே பழைய எல்போ வாய் திறந்துவிட்டது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வோர் இணைப்பைச் சுற்றியும் டிஷ்யூ காகிதம் சுற்றி வைத்திருக்கிறேன்; ஈரம் பட்டால் உடனே நிறம் மாறிக் காட்டும். ஹீட்டரைப் போட்டுச் சூடாகவும் அணைத்துக் குளிரவும் விடுகிறேன்.

மாலையே பூசிவிடலாம் என்றார் பிளம்பர். முடியாது என்றேன். "நீங்க நம்பவே மாட்டீங்கக்கா" என்றார். அவரை நம்புகிறேன், சுவரைத்தான் நம்பவில்லை.

ஜனவரி 20

தையல் பிரித்துவிட்டார்கள். நடக்கும்போது வலி இருக்கிறதாம், குளிக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். காகிதம் உலர்ந்திருக்கிறது.

ஜனவரி 21

பூசியாயிற்று. எங்கள் டைல் இப்போது வருவதில்லை. தேடிய இடத்திலெல்லாம் அந்த நீலப் பூ போட்ட வகை நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றார்கள். உடைத்த இடத்தில் வெள்ளை டைல்களைச் செங்குத்துப் பட்டையாக ஒட்டச் சொல்லிவிட்டேன். குழாய் போகும் வழி எது என்பது வெளியிலிருந்தே தெரியும். அடுத்து உடைப்பவர் தேட வேண்டியதில்லை. கீழ் வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "கட்டம் போட்ட மாதிரி இருக்குது, இருக்கட்டும்" என்றார். அவர்கள் கூரையில் கறை இன்னும் இருக்கிறது, ஈரம் இல்லை. நன்றாக உலர்ந்த பிறகு பிரைமர் அடித்துத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுப்பு மேலே வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். செலவை நான் தருவதாகச் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டார்.

ஜனவரி 22

மிக்சர் ஏறிவிட்டது. லீவரை மணிக்கட்டால் தள்ளிப் பார்த்தேன். இடது, வலது, இரண்டும் சேர்த்து. கை ஷவர் ஸ்டூலுக்கு எட்டுகிறது. மூடியதும் சொட்டு உடனே நிற்கிறது.

இரவு பதினொன்றரை மணிக்கு மேல்: வெந்நீர்ப் பக்கத்து இணைப்பில், வளையத்துக்குக் கீழே விரலை வைத்தால் ஈரம் தெரிகிறது. நீராவி படிந்ததாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டுக் காகிதம் சுற்றியிருக்கிறேன். நாளை மதியம் அம்மா வருகிறார். பிளம்பரைக் காலை எட்டு மணிக்கே வரச்சொல்லி, கழற்றி டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்ற வைக்க வேண்டும்.