பெரியம்மாவின் ரிப்போர்ட்

தண்டையார்பேட்டை பெரியம்மாவுக்கு மாதவிடாய் நின்று எட்டு வருஷம் ஆகிறது. போன மாதம் பாவாடையில் சின்னதாக ரத்தக் கறை. "உடம்புச் சூடுதான்டி" என்று வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். மூன்றாவது தடவை பட்ட பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தார். பயாப்ஸியில் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய். அக்காமார்களே, மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆய்வகத்தில் தினமும் நான் பார்க்கிற செல்கள்தான் இவை. இந்தப் புற்றுநோயில் பல சமயம் முதலில் பழுதாவது பி.டென் என்கிற மரபணு. அது ஒரு பிரேக். அது போனால் பி.ஐ.3.கே, ஏ.கே.டி என்ற சமிக்ஞைத் தொடர் ஓயாமல் "வளர், வளர்" என்று விரட்டும். ஆனால் வளர்வது வேறு, ஊடுருவுவது வேறு. செல்களை ஒன்றோடொன்று கோத்து வைத்திருப்பது ஈ-கேடெரின் என்ற புரதம். பெரியம்மாவிடம் காசிமேட்டு மீன் வலையை வைத்துத்தான் சொன்னேன்: முடிச்சு அவிழ்ந்தால் கண்ணி கண்ணியாய்ப் பிரியும் இல்லையா, அப்படி. பிரிந்த செல்கள் நொதிகளைச் சுரந்து, சுற்றியுள்ள திசுவைக் கரைத்துக் கருப்பைச் சுவரின் தசைக்குள் இறங்கும். தசையில் பாதி ஆழத்தைத் தாண்டியதா என்பதுதான் டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பது.

எம்.ஆர்.ஐ.யில் பாதிக்குள்தான் தெரிகிறது. வியாழக்கிழமை ஆபரேஷன். "முடிச்சு இன்னும் முழுசா அவுறலதானே?" என்று ராத்திரி போனில் திரும்பத் திரும்பக் கேட்டார்.